மதுரைக்காரி என்றதும் மட்டக்களப்பில் ஏன் சிரித்தார்கள்?

மதுரைக்காரி:

மார்கழிக் கடைசியில் நானும் என் தங்கையும் நான்கு நாள் மட்டக்களப்பில் இருந்துவிட்டு வந்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். இதுதான் முதல் வெளிநாடு. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து உதயதேவி ரயிலில் உங்கள் ஊருக்கு வந்து சேர ஒரு பகல் முழுவதும் போய்விட்டது.

ரயிலில் எதிரே இருந்த அம்மாள், "மட்டக்களப்பில் யார் வீட்டிலும் கை நனைத்துவிடாதீர்கள், பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று எச்சரித்தார். எங்கள் இரண்டு பேரையும் இந்த வயதில் ஒட்டவைத்து யாருக்கு என்ன லாபம் என்று தங்கை கேட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை.

முதல் நாள் கோட்டையைப் பார்க்க ஆட்டோ பிடித்தோம். "பழைய கச்சேரிக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர். மார்கழி மாதம் அல்லவா, எனக்குச் சந்தேகமே வரவில்லை. "யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "இங்கே பாடுவது மீன் மட்டும்தான் அம்மா, அதுவும் பாலத்தடியில்" என்றார். கோட்டை வாசலில் இறங்கிய பிறகுதான், கலெக்டர் ஆபீசைத்தான் நீங்கள் கச்சேரி என்கிறீர்கள் என்று புரிந்தது.

எங்கள் வைகையில் தண்ணீர் வந்தால் அது செய்தி. கோட்டை இருக்கும் புளியந்தீவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் கடைசியில் தண்ணீர் நிற்கிறது. காலையில் கோட்டை மதிலோரம், தோணியில் நின்றபடி ஒருவர் வலை வீசினார். வலை வட்டமாக விரிந்து விழுந்ததும், தோணி ஆடி அடங்கும்வரை கயிற்றை இழுக்காமல் காத்திருந்தார். ஒன்பது முறை வீசினார். கணக்கெழுதிய புத்தி, எண்ணிக்கொண்டே நின்றுவிட்டேன்.

மீன் பாடுவதைக் கேட்க இரண்டு இரவு கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனோம். தூறலும் தவளையும் மோட்டார் சைக்கிள்களும்தான் கேட்டன.

மூன்றாம் நாள் தெற்கே பஸ்ஸில் போனோம். காத்தான்குடியில் தெரு நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். அதைத் தாண்டி ஓர் ஊரில் கண்ணகி அம்மன் கோயில் என்று இறங்கினால், கதவு பூட்டியிருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பிட்டு அவித்துக்கொண்டிருந்த கிழவி, "எந்த ஊர் மகள்?" என்று கேட்டார். மதுரை என்றேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எங்கள் அம்மன் எரித்த ஊரா?" என்று கேட்டுச் சிரித்தார், கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எருமைத் தயிர்ச் சட்டியை எடுத்து, கத்தியால் வெட்டுவதுபோல் அகப்பையால் வெட்டி, கேட்காமலே எங்கள் தட்டில் இன்னொரு கட்டி வைத்தார். துக்க வீட்டுக்காரர்களைக் கவனிப்பதுபோல் இருந்தது. காசும் வாங்கவில்லை.

மீன் ஏன் பாடவில்லை, கோயில் ஏன் பூட்டியிருந்தது, அவர்கள் ஏன் சிரித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக்காரன்:

அக்கா, மார்கழி எங்களுக்கு மாரி. வாவி வெள்ளமும் கலங்கலுமாக இருக்கும். மழை கூடினால் முகத்துவாரத்தை வெட்டித்தான் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். சித்திரை தொடக்கம் ஆவணி வரை, பூரணைக்குக் கிட்டிய இரவில், காற்று விழுந்த பிறகு வர வேண்டும். பாலத்தில் நின்றால் போதாது. தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட், ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஒலியோடு அதை ஒப்பிட்டிருக்கிறார். மீனவர்கள் அவரிடம் சொன்னது மீனை அல்ல, ஊரி என்ற நீர்நத்தையை. 'பாடும் மீன்' என்று பெயர் வைத்துப் பெருமைப்படுவது நாங்கள்தான்.

மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே சலித்துக்கொண்டீர்களே! 1924இல் திறந்த பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வரும்வரை பஸ், லொறி எல்லாம் அதில்தான், ஒரு பக்கம் நின்று மறுபக்கத்துக்கு வழிவிட்டுப் போயின.

உப்போடை வாசகன்:

இரண்டு இரவு கல்லடிக்கு வந்துவிட்டு விபுலாநந்த அடிகளின் சமாதியைப் பார்க்காமல் போயிருக்கிறீர்கள், அது எனக்குக் கோபம். காரைதீவில் 1892இல் பிறந்து, உங்கள் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மீன் பாடாது என்றால் அங்கேயாவது போயிருக்கலாம்.

பெத்தாவின் பேத்தி:

அக்கா, அந்தக் கிழவி கேலி செய்யவில்லை. மதுரையை எரித்த கோபத்தோடு வந்த அம்மனைத்தான் நாங்கள் வைத்துக் கும்பிடுகிறோம். எங்கள் பக்கத்துக் கண்ணகி கோயில்கள் பலவற்றில் வைகாசியில்தான் கதவு திறப்பார்கள். சில நாள் சடங்கு நடக்கும், கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிப்பார்கள், கடைசி இரவு குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். தம்பிலுவில், செட்டிபாளையம் என்று ஊருக்கு ஊர் அந்த நாட்களில் பாய் விரிக்க இடம் இருக்காது. வருடா வருடம் உங்கள் ஊர் எரிந்த கதையைக் கேட்டு அழுதவர் முன்னால் ஒரு மதுரைக்காரி பிட்டுச் சாப்பிட வந்து நின்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

பாய்க் கதையும் கேளுங்கள். எங்களிடம் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். குடி என்கிற குலப்பிரிவும் தாய் வழிதான். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையன் இங்கே கல்யாணம் முடித்து, மாமியார் சமையலில் ஊர்ப் பக்கமே திரும்பாமல் இருந்தால், அவனுடைய தாய் வேறு என்னதான் சொல்வாள்? மந்திரம் என்றாள். என் அப்பாவும் அப்படி ஒட்டியவர்தான், நாற்பது வருடமாகிறது.

மதுரைக்காரி:

சமாதிக்குப் போகாதது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். வைகாசிக்கு விமான டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டேன். தங்கைக்கு ஒரு சந்தேகம்: குளிர்த்தி அன்று மதுரைக்காரர்களை உள்ளே விடுவார்களா, இல்லை அம்மனுக்குப் பழைய கோபம் திரும்பிவிடும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்களா?

பெத்தாவின் பேத்தி:

முன்னுக்கு வந்து நில்லுங்கள் அக்கா. குளிர்த்தித் தண்ணீர் தெளிக்கும்போது சேலை நனையும் என்று விலகிவிடாதீர்கள். தங்குவது எங்கள் வீட்டில். பாய் புதியது.