கர்ப்பப்பை இறக்கத்துக்கு இணையத்தில் விற்கும் பயிற்சிக் கருவியை அம்மாவுக்கு வாங்கலாமா?

பாசிக்காரி மகள் (பாம்பன்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 53 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் தாங்களே வகுத்துக்கொண்ட கணக்கின்படி, மாதத்தில் பன்னிரண்டு நாள் கடலில் முங்கிப் பாசி எடுத்து, ஈரப்பாசி மூட்டையை வள்ளத்தில் ஏற்றி, கரையில் இறக்கி, காயப்போடும் இடம் வரை சுமந்துகொண்டு போகிறார். நாங்கள் நான்கு பிள்ளைகளும் சுகப்பிரசவம்.

ஒரு வருடமாக இடுப்பு கடுக்கிறது என்று மட்டும் சொல்லி வந்தார். போன மாதம்தான், மூட்டையைத் தூக்கும்போது கீழே ஒரு உருண்டை இறங்கி வருவதாகவும், இருமினால் சிறுநீர் கசிவதாகவும் சொன்னார். 'கடலில் நனைந்துகொண்டுதானே கிடக்கிறோம், யாருக்குத் தெரியப்போகிறது' என்று அவர் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் சோதித்துவிட்டு, இரண்டாம் நிலை இறக்கம் என்றும், கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கப் பெண்ணுறுப்புக்குள் வைக்கும் வளையம் பொருத்திக்கொண்டு தசைப் பயிற்சியும் செய்தால் இப்போதைக்குப் போதும் என்றும் சொன்னார். வேறொரு தனியார் மருத்துவமனையில் எழுந்து உட்காரச் சொல்வதற்குள்ளேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று தேதி கேட்டார்கள். இந்தக் குழப்பத்தில் நான் கைபேசியில் தேடப்போக, இடுப்புத்தள (கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளின்) நலத்துக்கும் தாம்பத்திய நலத்துக்கும் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் விடாமல் வருகிறது. முட்டை வடிவச் சிலிக்கோன் கருவி. உள்ளே வைத்துத் தசையை இறுக்கினால் கைபேசித் திரையில் ஒரு பலூன் மேலே ஏறுகிறது. 'அறுவை சிகிச்சை இல்லாமல் மூன்றே மாதத்தில்' என்கிறார்கள். விலை அம்மாவின் இரண்டு மாத வருமானம். அதே நிறுவனம் தம்பதியருக்கான பொருள்களையும் விற்பதால், 'அந்த மாதிரிக் கடையில் அம்மாவுக்கு வாங்குவதா' என்று என் தம்பி முகம் சுளிக்கிறான்.

இத்தகைய நிறுவனத்தை நம்பலாமா, வேண்டாமா என்பதை எதைப் பார்த்து முடிவு செய்வது? இன்னொன்றும் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா உடன் இருக்கிறார். வளையம் பொருத்தினால் அது அவர்களுக்குத் தடையாக இருக்குமா? மருத்துவரிடம் இதைக் கேட்க அம்மாவுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கீழக்கரையான்

சகோதரி, நான் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் பார்த்த நிறுவனம் எங்களுடையது அல்ல. முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு சொல். தாம்பத்தியத்துக்கான பொருள் விற்பது ஒரு நிறுவனத்தின் குற்றமாகாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட பெண்களுக்குப் பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிப்போகாமலிருக்க மருத்துவரே பரிந்துரைக்கும் விரிப்பான்களும், சர்க்கரை நோயால் விறைப்புக் குறைந்த ஆண்களுக்கான வெற்றிடக் குழாயும் இதே துறையில்தான் பிறக்கின்றன. கடை எப்படிப்பட்டது என்று பார்ப்பதைவிடப் பெட்டியின்மேல் என்ன அச்சிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2017இல் வெளியாகி, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டு, சிறு விலக்குகள் தவிர, முதல் இரண்டு வகைகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், அடுத்த இரண்டுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் கட்டாயமாயிற்று. ஆகவே பெட்டியின்மேல் தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும். இப்போது ஒரு தந்திரம் நடக்கிறது. விளம்பரத்தில் 'இறக்கம் குணமாகும்' என்பார்கள். பெட்டியிலோ 'மசாஜர்' என்றோ 'நலப்பொருள்' என்றோ மட்டும் அச்சிட்டிருப்பார்கள். நோயின் பெயரைப் பெட்டியில் எழுதத் துணியாதவர்கள் அதை விளம்பரத்தில் மட்டும் எழுதினால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

உரிமம் இருந்தாலே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பெண்ணுறுப்பின் வழியே வைத்துத் தைத்த வலைகள் அமெரிக்காவில் முறையாக விற்பனைக்கு வந்தவைதாம். பல ஆண்டுகள் பெண்கள் வலியோடு முறையிட்ட பிறகு, 2019 ஏப்ரலில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. நம் நாட்டில் கருவியால் பாதிப்பு ஏற்பட்டால் தெரிவிப்பதற்கென்றே 2015இல் ஒரு கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. பயன்படுத்துபவரே நேரடியாக எழுதலாம். எழுதுகிறவர்கள்தாம் குறைவு, அதிலும் இந்த உறுப்பைப் பற்றி யார் எழுதுவார்கள்?

நீங்கள் சொன்ன பலூன் கருவிக்கு வருகிறேன். எண்ணம் புதிதல்ல. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இந்தத் தசைப் பயிற்சியைப் பற்றி எழுதியபோதே, தசை இறுகுவதைப் பெண்ணே கண்ணால் பார்ப்பதற்கு ஓர் அழுத்தமானியும் வைத்திருந்தார். இன்றைய முட்டை அதன் பேத்தி. உள்ளே ஓர் அழுத்த உணரி, மேலே சிலிக்கோன் உறை, கைபேசிக்குத் தகவல் அனுப்ப ஒரு சில்லு, அவ்வளவுதான். அந்த உணரிக்கு அழுத்தம் கூடியது தெரியும், எந்தத் திசையிலிருந்து கூடியது என்று தெரியாது. தசையை மேல்நோக்கி இழுத்தாலும் அழுத்தம் கூடும். மூச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி முக்கினாலும் கூடும். இரண்டுக்கும் பலூன் ஏறும். சில நிறுவனங்கள் அசைவை அறியும் உணரியும் சேர்த்து இதைச் சரிசெய்ய முயல்கின்றன. நீங்கள் வாங்க நினைப்பதில் அது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

கைபேசியோடு இணையும் கருவி என்பதால், பதிவாகும் தகவல் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். கனடாவில் தம்பதியர் கருவி செய்த ஒரு நிறுவனம், பயன்படுத்தியவர்களின் அந்தரங்கத் தகவலைச் சொல்லாமல் சேகரித்ததாக வழக்கு வந்து, 2017இல் பல லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இயன்முறை மருத்துவர் (மண்டபம்)

கீழக்கரையார் சொன்ன திசை விஷயத்தை நான் தினமும் பார்க்கிறேன். 'கீழே இறுக்குங்கள்' என்றால் பலர் மலம் கழிக்க முக்குவதுபோல் முக்குகிறார்கள். வயிறு உப்புகிறது, முகம் சிவக்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது. இறக்கம் உள்ளவர் அப்படி நாளுக்கு மூன்று வேளை முக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரையில் பலூன் ஏறிப் பாராட்டினால் தவறு இன்னும் உறுதியாகும்.

ஆகவே கருவிக்கு முன்பு, பயிற்சி பெற்ற ஒருவர் விரலால் சோதித்து, அம்மாவின் தசை மேலே இழுக்கிறதா என்று ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்க எளிய வழி: சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே சில நொடி பிடித்து, முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது நான்கு மாதம். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பழகுவதை வழக்கமாக்கக் கூடாது.

பாசிக்குப் போகிற பெண்களிடம் இன்னொரு பழக்கம் கண்டிருக்கிறேன். வள்ளத்தில் ஒதுங்க இடமில்லாததால் விடியலிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அதனால் மலச்சிக்கல், சிக்கலால் முக்கல், முக்கலால் இறக்கம். கரைக்கு வந்தபிறகாவது நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். மூட்டையை இரண்டாகப் பிரித்து, தூக்கும் நொடியில் மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட்டுக்கொண்டு தசையை உள்ளிழுத்துத் தூக்கட்டும். இதை நான் மணலில் ஈரச்சாக்கு வைத்தே பழக்குகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சேவையும் உண்டு. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்தவர் எல்லா இடத்திலும் இருக்கமாட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்டிப் பெண்

என் உம்மாவுக்கு மூன்று வருடமாக வளையம் இருக்கிறது. சிறுநீர்க் கசிவால் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) நிற்காது என்று தொழுகை நேரமெல்லாம் அழுதுகொண்டிருந்தவர், இப்போது பேத்தியின் நிக்காஹ்வுக்கு மதுரை வரை பேருந்தில் போய்வந்தார். ஆனால் முதல் வளையம் நான்காம் நாளே கழிப்பறையில் விழுந்துவிட்டது. அளவு சிறியது என்று மாற்றினார்கள். இரண்டாவது அழுத்தியது. மூன்றாவதுதான் பொருந்தியது. இரண்டு முறை பொருந்தாமல் போனதும் 'நமக்கு ஆகாது' என்று விட்டிருந்தால் அறுவை சிகிச்சைதான் என்று நினைத்திருப்போம். அதனால் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர் (இராமநாதபுரம்)

மகளே, முப்பத்திரண்டு வருடம் மகப்பேறு வார்டில் இருந்தவள் எழுதுகிறேன். நீ கேட்கத் தயங்கியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாதாரண வளையம் உள்ளே இருக்கும்போதே தாம்பத்திய உறவு கொள்ளலாம். பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. சங்கடமாக இருந்தால், தானே எடுத்துப் போடப் பழகியவர் இரவில் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, காலையில் மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். தண்டுள்ள குமிழ் வடிவ வகை ஒன்று உண்டு. அது உள்ளே இருக்கையில் உறவு முடியாது. அதனால் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்கும்போதே இதையும் கேட்டுவிட வேண்டும். வாய் வராவிட்டால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடு. அப்படிச் சீட்டு நீட்டிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவரும் சிரித்ததில்லை.

வளையத்தை இணையத்தில் வாங்காதே. அதற்கு அளவு உண்டு, மில்லிமீட்டர் கணக்கில். தொண்டிக்காரப் பெண்ணின் உம்மாவுக்கு நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். பொருத்தியவுடன் படுக்கையிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது பொருத்தியதாகாது. நடக்க வேண்டும், குத்தவைத்து எழ வேண்டும், பலமாக இரும வேண்டும், சிறுநீர் கழித்துக் காட்ட வேண்டும். அம்மா மூட்டை தூக்குகிறவர் என்பதைச் சொல்லிவிட்டு, அங்கேயே ஏதாவது கனமான பொருளைத் தூக்கிப் பார்க்கச் சொல்.

பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்திருப்பதால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தருவார்கள். முன்பு மார்பகப் புற்றுநோய் ஏதும் இருந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். இரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு கசிவு வந்தாலும், சிறுநீர் போகாமல் நின்றுவிட்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. வளையம் இருப்பதையே மறந்துபோய்ப் பல வருடம் கழித்துப் புண்ணோடு வந்த பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். உன் தம்பிக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான்.

கர்ப்பப்பையை எடுப்பது தவறு என்று சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் வழி. எடுத்த பிறகும் பெண்ணுறுப்பின் மேற்சுவர் இறங்குவது உண்டு என்பதை மட்டும் தேதி கேட்டவர்களிடம் கேட்டுப் பார்.

பாசிக்காரி மகள் (பாம்பன்)

எல்லாருக்கும் நன்றி. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பெட்டியின் படத்தை அனுப்பினார்கள். 'தனிநபர் நலப்பொருள்' என்றுதான் இருக்கிறது. உரிம எண் இல்லை. திசையை அறியும் உணரி பற்றிக் கேட்டதற்குத் தள்ளுபடிக் குறியீடு ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். வாங்கவில்லை.

பௌர்ணமி நாட்கள் முடிந்த மறுநாள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறோம், துண்டுச்சீட்டு எழுதியாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தேகம்: வளையத்தோடு கடலில் முங்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் (இராமநாதபுரம்)

முங்கலாம். பொருத்திய முதல் சில நாட்கள் கரையிலேயே வேலை பார்த்துவிட்டுப் பிறகு போகட்டும். உள்ளே உப்புநீர் படுவதால் சிலிக்கோன் கெடாது. வீட்டுக்கு வந்து கழற்றிக் கழுவுவதானால் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் கழுவச் சொல். கழன்று விழுந்தால் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவரச் சொல். அடுத்த அளவை முடிவு செய்ய அது வேண்டும்.