சோளக் கொல்லையில் சுடுமல்லி: பருத்தி போட்ட பிறகு

வல்லம் பக்கம் எங்கள் மேட்டுக் கொல்லையில், தண்ணீர் விட்டும் சோளம் வாடுகிறதென்று போன வருஷம் எழுதியிருந்தேன். சோள வேரில் ஒட்டி வளரும் சுடுமல்லிக் களைதான் காரணம் என்றீர்கள், சரிதான். அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே சோள வேரை உறிஞ்சத் தொடங்கிவிடும். பிடுங்கியும் அந்தப் போகம் தேறவில்லை.

இந்தக் கோடையில் பருத்தி போட்டேன். பருத்தி வேர்க் கசிவை நம்பிச் சுடுமல்லி விதை முளைக்கும், ஒட்ட முடியாமல் செத்துப்போகும். (அதை முளைக்கத் தூண்டும் ஸ்ட்ரைகால் என்ற வேதிப்பொருளை 1966-இல் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான்.) அப்புறம் புரட்டாசியில் மறுபடி சோளம். சுடுமல்லி அங்கங்கே வந்தது, முன்பைவிடக் குறைவு. பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டேன். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அவை மண்ணில் 10 வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் அடுத்த கோடையும் பருத்திதான்.