மிரியில் ஓட்டினா மட்டும் சைன்–காஸ் டெஸ்ட் விழுது: டூல் மேல தப்பா, என் மேலயா?

நிறுத்தம்47:

வணக்கம். ரஸ்ட் மொழியில சின்னதா ஒரு லைப்ரரி எழுதி வச்சிருக்கேன். ரெண்டு பஸ் நிறுத்தத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை குடுத்தா நடுவுல எவ்வளவு தூரம்னு சொல்லும். பக்கத்துல இருக்கிற நிறுத்தங்களை வரிசைப்படுத்தியும் தரும். உள்ள ஒரே ஒரு இடத்துல அன்சேஃப் கோடு (கம்பைலர் முழுசா சரிபாக்காத பகுதி) இருக்கு, அதை மிரியில (ரஸ்ட் கோடை ஓட்டித் தப்பு கண்டுபிடிக்கிற டூல்) ஓட்டிப் பாத்துடலாம்னு நேத்து ராத்திரி உக்காந்தேன். அன்சேஃப் பக்கம் ஒரு குறையும் இல்ல. ஆனா சம்பந்தமே இல்லாம கணக்கு டெஸ்ட் மூணு சிவப்பு. சாதாரண கார்கோ டெஸ்ட்ல மூணும் பச்சைதான்.

முதல் டெஸ்ட்: ஒரு கோணத்தோட சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூட்டினா 1 வரணும். மிரியில 0.9999999999999996 வருது.

ரெண்டாவது: பூமத்திய ரேகை மேல 1 டிகிரி தள்ளியிருக்கிற ரெண்டு புள்ளி. ஆரம் 6371 கி.மீ. வச்சா 111.19492664... கி.மீ. வரணும். வருது, ஆனா பத்தாவது தசம இடத்துலேர்ந்து இலக்கம் மாறுது. வித்தியாசம் எஃப்64 எப்சிலான்ங்கிற ரொம்பச் சின்ன எண்ணை விடக் குறைவான்னுதான் பாக்கறேன், நேரடியா சமம்னு கூடக் கேக்கல.

மூணாவது: ஒரு நிறுத்தத்துக்கும் அதே நிறுத்தத்துக்கும் தூரம் 0. மிரியில நேன் ("இது எண்ணே இல்ல"ங்கிற விடை) வருது!

இன்னொரு கூத்து. ஒரே எண்ணுக்கு சைனை ரெண்டு தடவை கூப்பிட்டா ரெண்டு விடை. எத்தனை தடவை ஓட்டினாலும் விழறது அதே மாதிரிதான் விழுது, ஆனா புதுசா ஒரு டெஸ்ட் சேத்தா வர்ற எண்ணெல்லாம் மாறிடுது. இது மிரியில இருக்கிற பிழையா? ரிப்போர்ட் பண்ணணுமா? இல்ல இதை அணைக்க ஏதாவது வழி இருக்கா?

சும்மா_வந்தேன்:

இருக்கு நண்பா. மிரிஃபிளாக்ஸ்ல "மிரி-டிடெர்மினிஸ்டிக்-ஃப்ளோட்ஸ்"னு மைனஸ் இசட் ஆப்ஷனா போடுங்க. எல்லாம் பச்சையாயிடும். நான் அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன், தலைவலி இல்ல.

கடைசி_பிட்:

அந்த ஃபிளாக் இருக்கிறது உண்மைதான். ஆனா அவசரப்பட்டுப் போடாதீங்க. உங்க மூணு டெஸ்ட்டும் மூணு வேற காரணத்துக்கு விழுது. மூணாவது நிஜமான பிழை.

முதல்ல, மிரி ஏன் இப்படிப் பண்ணுதுன்னு சொல்லிடறேன். ரஸ்ட் ஆவணத்துல சைன் ஃபங்ஷனுக்குக் கீழ போய்ப் படிங்க. இதோட துல்லியம் நிச்சயமில்ல, பிளாட்ஃபார்முக்குப் பிளாட்ஃபார்ம், ரஸ்ட் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், ஒரே ஓட்டத்துல ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவுலயே மாறலாம்னு எழுதியிருக்கும். காஸ், எக்ஸ்ப், லாக், பவ் எல்லாத்துக்கும் இதே கதை. மிரி 2025லேர்ந்து அந்த வரியை நிஜமாவே செஞ்சு காட்டுது. விடை வந்ததும் கடைசி சில பிட்டுல வேணும்னே கொஞ்சம் ஆட்டி விடும். அந்த ஆட்டம் விதை எண்ணுலேர்ந்து, அதாவது ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கி வைக்கிற எண்ணுலேர்ந்து வருது. விதை மாறாதவரைக்கும் அதே ஓட்டம்தான், அதனாலதான் உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழுது. நடுவுல ஒரு டெஸ்ட் சேத்தா எல்லாருக்கும் கிடைக்கிற எண் தள்ளிப் போயிடும்.

எதை ஆட்டும், எதை ஆட்டாதுங்கிறதும் முக்கியம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இதையெல்லாம் சரியா ரவுண்ட் பண்ணித்தான் ஆகணும்னு மிதவை எண்ணுக்கான (கம்ப்யூட்டர்ல வர்ற தசம எண்) தரமான ஐஇஇஇ 754 கட்டாயமாவே சொல்லுது. அதுல மிரி கை வைக்காது. சைன், காஸ் வகையறாவுக்கு 2008 பதிப்பு சிபாரிசோட நின்னுடுச்சு. காரணம் இருக்கு. சைனோட உண்மையான விடை முடிவில்லாத தசமம். சில உள்ளீட்டுக்கு அது ரெண்டு மிதவை எண்ணுக்கு நட்டநடுவுல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும். எந்தப் பக்கம் ரவுண்ட் பண்றதுன்னு தீர்மானிக்க எத்தனை இலக்கம் கூடுதலா கணக்குப் போடணும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால லைப்ரரி எழுதறவங்க வேகத்துக்காக கடைசி பிட்டை விட்டுக் கொடுப்பாங்க. லினக்ஸ்ல ஜிலிப்சி ஒரு மாதிரி விட்டுக் கொடுக்கும், ஆண்ட்ராய்டுல பயானிக் இன்னொரு மாதிரி. இது போதாதுன்னு, கோணம் கம்பைல் நேரத்துலயே தெரிஞ்சா, ரஸ்ட் கம்பைலருக்குள்ள இருக்கிற எல்எல்விஎம் உங்க மெஷின் லைப்ரரியை வச்சு அங்கயே கணக்குப் போட்டு முடிச்சிடும். டீபக் பில்டும் ரிலீஸ் பில்டும் வேற விடை சொல்ல அதுவே போதும்.

முதல் டெஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க. அது உங்க கோடை சோதிக்கல, சைனை எழுதினவரை சோதிக்குது.

ரெண்டாவதுல சிக்கல் எப்சிலான். எப்சிலான்ங்கிறது 1-க்கும் அதுக்கு அடுத்த மிதவை எண்ணுக்கும் உள்ள இடைவெளி, 2.2×10⁻¹⁶. 64-க்கும் 128-க்கும் நடுவுல அந்த இடைவெளியே 1.4×10⁻¹⁴, அதாவது எப்சிலான் மாதிரி 64 மடங்கு. 111-ங்கிற எண் இருக்கிற இடத்துல வித்தியாசம் எப்சிலானை விடக் குறைவுன்னா ஒரே ஒரு வழிதான்: வித்தியாசம் பூஜ்ஜியம். சமமான்னு கேக்கலன்னு சொன்னீங்களே, அதைத்தான் சுத்தி வளைச்சுக் கேட்டிருக்கீங்க. பஸ் நிறுத்தத்துக்கு எவ்வளவு துல்லியம் வேணும்? 1 மில்லிமீட்டர்னு வச்சாலே அதிகம். மிரி ஆட்டினது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல.

மூணாவதுக்கு உங்க ஃபார்முலாவைக் காட்டுங்க. ஏகாஸ் (காஸ் விடையிலேர்ந்து கோணத்தைத் திருப்பி எடுக்கிறது) இருக்குமே?

நிறுத்தம்47:

ஆமா, ஏகாஸ்தான். ரெண்டு அட்சரேகையோட சைன் பெருக்கல், கூட்டல் ரெண்டோட காஸ் பெருக்கல், அதோட தீர்க்கரேகை வித்தியாசத்தோட காஸ். மொத்தத்துக்கும் ஏகாஸ் எடுத்து ஆரத்தால பெருக்கறேன். பள்ளிக்கூடத்துல படிச்ச கோளக் கொசைன் விதி.

கடைசி_பிட்:

சரியா நினைச்சேன். ஒரே நிறுத்தம்னா தீர்க்கரேகை வித்தியாசம் 0, அதோட காஸ் சரியா 1. இதை மிரியும் ஆட்டாது. காஸ் 0, எக்ஸ்ப் 0, லாக் 1 மாதிரி சி தரம் விடையை நிர்ணயிச்ச இடங்களை விட்டுடும். சைன் விடை 1-ஐத் தாண்டாமயும் பாத்துக்கும். ஆனா நீங்க அதுக்கப்புறம் கூட்டற கூட்டலை யாரும் பாத்துக்க மாட்டாங்க. மிச்சம் இருக்கிறது சைன் வர்க்கம் கூட்டல் காஸ் வர்க்கம், அதாவது உங்க முதல் டெஸ்ட்! அது 1.0000000000000002 ஆனா, 1-ஐத் தாண்டின காஸுக்குக் கோணமே இல்லாததால ஏகாஸ் நேன் தரும். அந்தப் பக்கம் 0.9999999999999999 ஆனா நேன் வராது, ஆனா கோணம் 1.5×10⁻⁸ ரேடியன், பூமி ஆரத்தால பெருக்கினா சுமார் 9.5 செ.மீ. நின்ன இடத்துலேர்ந்து நின்ன இடத்துக்கு ஒரு ஜாண்ல பாதி தூரம்.

இதுக்கு மிரிகூட வேணாம். லேப்டாப்லயே 0-லேர்ந்து 90 டிகிரி வரைக்கும் சின்னச் சின்ன அடியா லூப் ஓட்டி, கூட்டல் 1-ஐத் தாண்டுதான்னு பாருங்க.

நிறுத்தம்47:

ஓட்டினேன். தாண்டுது, பல இடத்துல. என் டெஸ்ட்ல இருந்த ஒரே அட்சரேகை அதிர்ஷ்டத்துல தப்பிச்சிருக்கு.

இப்ப ஒண்ணு ஞாபகம் வருது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதை வச்சு எழுதின ஆப்ல ஒரு கிராஷ் ரிப்போர்ட் வந்துச்சு, ஆண்ட்ராய்டு போன். வரிசைப்படுத்தற இடத்துல பார்ஷியல்-கம்ப் (ரெண்டு எண்ணை ஒப்பிடும், ஒண்ணு நேன்னா விடை தராது) எடுத்து, விடை கண்டிப்பா இருக்கும்னு நம்பி அன்ராப் பண்ணியிருந்தேன், அங்க பேனிக், புரோகிராம் நின்னுடுச்சு. எந்த நிறுத்தம்னு ரிப்போர்ட்ல இல்ல. நான் ஜிபிஎஸ் வச்சு எவ்வளவோ முயற்சி பண்ணியும் வரல. இப்ப புரியுது: அந்த ஆள் ஜிபிஎஸ் போடாம லிஸ்ட்லேர்ந்து நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்திருப்பாரு. அப்ப அந்த நிறுத்தத்துக்கும் அதுக்குமே தூரம் கணக்காகும்.

ஏகாஸுக்கு முன்னாடி மின் 1.0 (ரெண்டுல சின்னதை எடுக்கும்) போட்டுட்டேன். வரிசைக்கு, நேனையும் சேத்து ஒப்பிடற டோட்டல்-கம்ப் மாத்திட்டேன். போதும்ல?

நடுராத்திரி_கம்பைல்:

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். ரெண்டுலயும் ஒவ்வொரு பொறி இருக்கு.

ரஸ்ட்ல நேனுக்கும் 1.0-க்கும் மின் எடுத்தா 1.0 வரும், நேனை அது கண்டுக்காது. நாளைக்கே ஒரு நிறுத்தத்தோட அட்சரேகை ஃபைல்ல கெட்டுப்போய் நேனா வந்தா, உங்க மின் அதை 1 ஆக்கும், ஏகாஸ் 0 ஆக்கும், அந்த நிறுத்தம் "0 மீட்டர்"னு லிஸ்ட்ல முதல்ல நிக்கும். எண்ணை ஒரு வரம்புக்குள்ள அடைக்கிற கிளாம்ப் பயன்படுத்துங்க, மைனஸ் 1-லேர்ந்து 1 வரைக்கும். கிளாம்ப் நேனை நேனாவே விடும்.

டோட்டல்-கம்ப் பேனிக் ஆகாது, சரி. ஆனா நேனுக்கும் குறி உண்டு. பிளஸ் நேன் எல்லாத்துக்கும் கடைசி, மைனஸ் நேன் எல்லாத்துக்கும் முதல். கணக்குலேர்ந்து வர்ற நேன் எந்தக் குறியோட வரும்னு ரஸ்ட் உத்தரவாதம் தரல. வரிசைப்படுத்தறதுக்கு முன்னாடியே நேனை வடிகட்டி, அந்த நிறுத்தத்தை லாக்ல எழுதிடுங்க.

கடைசி_பிட்:

மின் விஷயம் நல்லாப் பிடிச்சீங்க. நான் ஒண்ணு சேக்கறேன். கிளாம்ப் போட்டா நேன் போகும், ஆனா 9.5 செ.மீ. போகாது. கிட்டத்து தூரத்துக்கு ஹாவர்சைன் ஃபார்முலாவுக்கு மாறிடுங்க. ஸ்கை அண்ட் டெலஸ்கோப் பத்திரிகையில 1984-லயே சின்னாட் இதைத்தான் எழுதினாரு. அது வித்தியாசத்தோட பாதிக்கு சைன் எடுக்கும். ஒரே இடம்னா சைன் 0, விடை சுத்தமான 0. பூமியோட எதிர்ப்பக்கம் வரைக்கும் போனாத்தான் அது தடுமாறும், அங்கயும் 1-ஐத் தாண்டற ஆபத்து உண்டு, அதனால கிளாம்ப் இருக்கட்டும். பஸ் அவ்வளவு தூரம் போகாது.

நிறுத்தம்47:

ஹாவர்சைனுக்கு மாத்தியாச்சு, கிளாம்ப் போட்டாச்சு, நேனை வடிகட்டியாச்சு. முதல் டெஸ்ட்டை நீக்கிட்டேன். ரெண்டாவதுக்கு 1 மி.மீ. வரம்பு. மூணாவது நேரடியா 0-க்கு சமமான்னே கேக்குது, நிக்குது. கூடவே கெட்டுப்போன அட்சரேகைக்கு ஒரு டெஸ்ட்.

"மிரி-மெனி-சீட்ஸ்" போட்டு 64 விதையிலயும் ஓட்டினேன். டீ போட்டுக் குடிச்சுட்டு வந்தும் முடியல, ஆனா கடைசில எல்லாம் பச்சை. பழைய கோடையும் அதே மாதிரி ஓட்டிப் பாத்தேன், அந்த நேன் திரும்பத் திரும்ப வருது. ரெண்டு மாசம் தேடினது.

சும்மா_வந்தேன்:

இதைப் படிச்சுட்டு என் ப்ராஜெக்ட்லேர்ந்து ஃபிளாக்கை எடுத்துட்டு ஓட்டினேன். 4 டெஸ்ட் விழுது. ஒண்ணுல நேன். தனியா ஒரு கேள்வி போடறேன், கடைசி_பிட் அண்ணே, தூங்கிடாதீங்க.