மறுமொழி: இலக்கியத்தில் 'தீம்' (theme) — கருப்பொருளா, பாவிகமா?

> கலைச்சொல் பட்டியலில் தீமுக்குக் 'கருப்பொருள்' என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரிகிறதே.

புரிகிறது ஐயா, வேறு ஏதோவாக. தில்லி ஆர்.கே.புரத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். சங்கப் பாடல்களின் நிலப் பாகுபாடான ஐந்திணைப் பாடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை எல்லாம் கருப்பொருள். அடுத்த வாரம் ஒரு கதையைக் கொடுத்து 'இதன் கருப்பொருள் என்ன?' என்றால், 'மயில்' என்று எழுதுகிறார்கள். தொல்காப்பியப்படி சரியான விடைதான்!

> அப்படியானால் உரிப்பொருள்?

திணைக்குரிய காதல் நிலையான உரிப்பொருள் நெருங்கி வருகிறது, ஆனால் போதாது. 'யாயும் ஞாயும் யாராகியரோ' (குறுந்தொகை 40) குறிஞ்சி, உரிப்பொருள் புணர்தல். அதே உரிப்பொருளில் எத்தனையோ குறிஞ்சிப் பாட்டுகள் உண்டு. இந்தப் பாட்டு மட்டும் சொல்வது என்ன? முன்பின் உறவே இல்லாத இருவர் நெஞ்சும், செம்மண்ணில் விழுந்த மழைநீர்போலப் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டன என்கிறது. காதல் இதன் பாடுபொருள். காதலைப் பற்றி இது சொல்வதுதான் நாம் பெயர் தேடும் சங்கதி. 'காதல்', 'வறுமை' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால் அது பாடுபொருள்தான். ஒரு வாக்கியமாகச் சொல்ல வந்தால்தான் தீம்.

இதற்குத் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலிலேயே பெயர் இருக்கிறது: 'பாவிகம் என்பது காப்பியப் பண்பே.' ஒரு செய்யுளில் தேடும் அணி இல்லை இது. நூல் முழுவதையும் பார்த்துக் கொள்வது. அந்நூலின் உரை இராமாயணத்துக்குத் தரும் எடுத்துக்காட்டு 'பிறனில் விழைவோர் கிளையொடும் கெடுப' (பிறன் மனையை விரும்புவோர் சுற்றத்தோடு கெடுவர்). முழு வாக்கியம், பாருங்கள்.

> பாவிகம் வடசொல். பிள்ளைகள் வாயில் நுழையாது.

வடசொல்தான், மறுக்கவில்லை. இதன் வேரான 'பாவம்' (bhava, தீவினை அல்ல) என்பது கவிஞனின் கருத்து என்று, தண்டியலங்காரத்துக்கு மூலமான வடமொழிக் காவியாதரிசத்தில் தண்டியே சொல்கிறார். வாயில் நுழையாது என்பதைத்தான் ஏற்க மாட்டேன். இந்தி வகுப்பில் 'கேந்த்ரீய பாவ்' எழுதிப் பழகிய தில்லிப் பிள்ளைகள் பாவிகத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் 'உட்கருத்து' என்று பக்கத்தில் சேர்க்கட்டும், எனக்குச் சண்டையில்லை. 'உள்ளுறை' மட்டும் வேண்டாம், அது 'உள்ளுறை உவமம்' என்று உவமை வகை ஒன்றுக்குப் போய்விட்டது.

நேற்று அக்கா ஒருவர் எழுப்பிய ஐயம்தான் வலுவானது: பாவிகம் என்றால் நீதி என்று ஆகிவிடாதா? உரைக்காரரின் எடுத்துக்காட்டுகள் அப்படித்தான் ஒலிக்கின்றன. ஆனால் சிலப்பதிகாரப் பதிகத்தைப் பாருங்கள். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும். பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். முதலாவதை அரசனுக்கான எச்சரிக்கை எனலாம். மூன்றாவதைக் கேட்டு யார் என்ன திருந்த முடியும்? 'உலகம் இப்படி இயங்குகிறது' என்ற பார்வை அது. ஒரு நூலுக்குப் பாவிகம் ஒன்றுதான் என்ற கட்டாயமும் இல்லை என்பது இங்கேயே தெரிகிறது. ஆகவே விளக்கத்தில் 'நீதியாக இருக்க வேண்டியதில்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பட்டியலுக்கு என் முன்மொழிவு: தீம் – பாவிகம், உட்கருத்து, சப்ஜெக்ட் – பாடுபொருள். கருப்பொருள் திணைக்கே இருக்கட்டும். மோட்டிஃபுக்கு (motif, திரும்பத் திரும்ப வரும் கூறு) யாராவது தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.