ஒரே ஒரு லைப்ரரிக்கு மட்டும் -ஓ1 போடணும், ஏற மாட்டேங்குது

ராக்கோழி: பெரிய ப்ராஜெக்ட், நிறைய மாட்யூல். கோடெக்ங்கிற லைப்ரரி மட்டும் ரிலீஸ் பில்ட்ல கிராஷ் ஆகுது, டீபக்ல ஒழுங்கா ஓடுது. அதுக்கு மட்டும் கம்பைலர் ஆப்டிமைசேஷனைக் குறைக்கிற -ஓ1 ஃப்ளாக் போட்டேன், ஒண்ணும் மாறல. அவசரம், யாராவது சொல்லுங்க.

சில்வண்டு: எங்க போட்டீங்க? பில்ட் டூல் மேக்கா, சிமேக்கா, பேசலா? கம்பைலர் ஜிசிசியா கிளாங்கா?

கம்பிவேலி: சந்தேகமே இல்ல, பழைய கம்பைல் ரிசல்ட்டைச் சேமிச்சு எடுத்துக் கொடுக்குற சிகேஷ் வேலைதான். கேஷை காலி பண்ணி, பில்ட் ஃபோல்டரையும் அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க.

பழுத்தமரம்: கம்பிவேலி, எல்லா நோய்க்கும் அதே கஷாயமா? சிகேஷ் ஃப்ளாகையும் சேர்த்துத்தான் ஹாஷ் போடும், ஃப்ளாக் மாறினா பழசை எடுக்காது. ராக்கோழி, கம்பைல் வரியை ஒட்டாம கேள்வி கேட்டா இங்க யாரும் ஜோசியம் பாக்க முடியாது. நிஞ்சாவுல பில்ட் பண்றீங்கன்னா ‘நிஞ்சா -டி கமாண்ட்ஸ் கோடெக்’ அடிங்க, எல்லா வரியும் வரும்.

ராக்கோழி: சிமேக், ஜிசிசி. கோடெக் ஃபோல்டர்லயே சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_ஃப்ளாக்ஸ்ல சேர்த்தேன். வரியில ‘-ஓ1 -ஓ3 -டிஎன்டீபக்’னு வருது.

நூலேணி: அதேதான். ரிலீஸ் ஃப்ளாக்ஸ் (-ஓ3 -டிஎன்டீபக்) பின்னாடி ஒட்டும், ஜிசிசி கடைசி -ஓ-வைத்தான் எடுக்கும். ‘டார்கெட்_கம்பைல்_ஆப்ஷன்ஸ்(கோடெக் பிரைவேட் -ஓ1)’ போடுங்க, அது -ஓ3-க்கும் அப்புறம் வரும். ஒரு ஃபைலுக்கு மட்டும்னா ‘செட்_சோர்ஸ்_ஃபைல்ஸ்_ப்ராப்பர்ட்டீஸ்’. அதை டார்கெட் (இங்க கோடெக்) இருக்கிற ஃபோல்டர்லயே எழுதணும்; ரூட்ல எழுதினா எரரும் வராது, வேலையும் செய்யாது. சிமேக் 3.18-ல இருந்து டார்கெட்_டைரக்டரி கொடுத்தா வெளியிலிருந்தும் போடலாம்.

பழுத்தமரம்: -ஓ1 நோயை மூடி வைக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரிக்ட் அலையாசிங், அதாவது வேற வேற டைப் பாயிண்டர் ஒரே மெமரியைக் காட்டாதுன்னு கம்பைலர் நம்புறது, -ஓ2-லதான் ஆரம்பிக்குது. -ஓ3-ஐ அப்படியே விட்டு ‘-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங்’ மட்டும் போடுங்க. கிராஷ் நின்னா, எங்கயோ பாயிண்டரை வேற டைப்பா மாத்திப் படிக்கிறீங்க.

சில்வண்டு: வெளியாள் எழுதின கோடா இருந்தா? எல்லாரும் எல்லாத்தையும் திருத்திட்டு இருக்க முடியுமா?

பழுத்தமரம்: திருத்த வேண்டாம், ஆனா எதுன்னு தெரிஞ்சுக்கணும். தப்பான கோடைக் கண்டுபிடிக்கிற யூபிசான் அலையாசிங்கைப் பிடிக்காது, அதையும் சொல்லிடறேன்.

நூலேணி: இன்னொண்ணு கவனிக்கணும். ஹெட்டர்ல இருக்கிற டெம்ப்ளேட், இன்லைன் ஃபங்ஷன் எல்லாம் கோடெக்லயும் -ஓ1-ல ஒரு தடவை, மத்த மாட்யூல்ல -ஓ3-ல ஒரு தடவை கம்பைல் ஆகும். எல்லாத்தையும் ஒண்ணு சேர்க்குற லிங்கர் ஒரு காப்பியைத்தான் வச்சுக்கும். அதனால கோடெக்குக்குள்ள ஓடுறதே -ஓ3 காப்பியா இருக்கலாம். புது சிபியூல மட்டும் இருக்கிற கட்டளைகளைப் பயன்படுத்துற -எம்ஏவிஎக்ஸ்2 மாதிரி ஃப்ளாக்ல இது இன்னும் மோசம்: அந்தக் காப்பி ஜெயிச்சா பழைய சிபியூல இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்.

கம்பிவேலி: அப்ப எல்லாத்துக்கும், பில்ட் பண்ற மெஷினோட சிபியூக்கு ஏத்த மாதிரி கம்பைல் பண்ற மார்ச்=நேட்டிவ் போட்டுட்டா?

பழுத்தமரம்: பில்ட் பண்ற மெஷின்ல மட்டும் ஓட்டப்போறீங்கன்னா தாராளமா.

ராக்கோழி: டார்கெட் ஆப்ஷன்ல -ஓ1 ஏறிடுச்சு, கிராஷ் இல்ல. நன்றி.

நூலேணி: பிரைவேட்தானே போட்டீங்க? பப்ளிக்னா கோடெக்கை லிங்க் பண்ற மாட்யூல் அத்தனைக்கும் -ஓ1 போயிடும். அலையாசிங் ஃப்ளாக் போட்டுப் பார்த்தீங்களா?

சில்வண்டு: ஆள் போயாச்சு.