சர்க்கரை இல்லை, ஆனாலும் தாகம் அடங்கவில்லை: உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

என் தம்பி கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை பார்க்கிறான். ஏற்காடு மலைப்பாதையில் வண்டி சறுக்கித் தலையில் அடிபட்டது. வீடு திரும்பிய பிறகுதான் இந்தத் தாகம் ஆரம்பித்தது. தலைமாட்டில் குடம் இல்லாமல் படுக்க மாட்டான். அதுவும் ஐஸ் தண்ணீராக வேண்டும். ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போவான். சிறுநீர் நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீராகப் போனது. சேலத்து வெயிலும் பட்டறைச் சூடும்தான் காரணம் என்றார் அம்மா. அக்கம்பக்கத்தில் சர்க்கரை என்றார்கள். பார்த்தால் சர்க்கரை அளவு சரியாக இருந்தது.

"வெயிலால் வந்த தாகம் என்றால் சிறுநீர் குறைந்து மஞ்சளாகத்தானே போகணும்?" என்று ஹார்மோன் டாக்டர் கேட்டார். அதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. பெரும்பகுதி தானாகவே உடம்புக்குத் திரும்பிவிடும். கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் எவ்வளவை மீட்பது என்பது வாசோபிரசின் ஹார்மோன் கையில் இருக்கிறது. அது மூளையில் ஹைப்போதலாமஸில் உருவாகி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் கலக்கிறது. அடிபட்டதில் இவனுக்கு அந்தச் சுரப்பு நின்றுபோயிருந்தது.

அதை உறுதிசெய்ய, ஆஸ்பத்திரியில் வைத்து, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தராமல் மணிக்கொருமுறை எடை பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள். நாக்கு ஒட்டிப் பேச்சு வராத நிலையிலும் அவனுக்குச் சிறுநீர் வெளுப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. பெற்ற மனம் தாங்காமல் அம்மா வெளியே போய்விட்டார். அப்புறம் வாசோபிரசினுக்குப் பதிலாகத் தரும் டெஸ்மோபிரசின் ஊசி போட்டார்கள். அடுத்து எடுத்த பாட்டில்களில் மெல்ல மஞ்சள் ஏறியதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது அதே மருந்தின் மாத்திரையில் நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான்.

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் அத்தைக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். நிமோனியாவில் படுத்தவர், திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறினார். ரத்தத்தில் 135க்குக் கீழே போகக்கூடாத சோடியம், அதாவது உப்புச் சத்து, 118தான் இருந்தது. அதே ஹார்மோன் தேவையில்லாமல் சுரந்து, தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்ததால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருந்தது. குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்துதான் கொடுக்கச் சொன்னார்கள். சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம், அதனால் மெதுவாகத்தான் ஏற்றினார்கள்.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிவையுங்கள். மாத்திரையும் போட்டுக்கொண்டு பழைய பழக்கத்தில் குடம் குடமாகக் குடித்தால் அவருக்கும் சோடியம் இறங்கிவிடும். தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கட்டும். தலைவலி, குமட்டல், குழப்பம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.