எல்டாப் சர்வர் ஒன்றுதான் இருக்கிறது, லைன் போனால் லாகினும் போகிறது

வணக்கம். அலுவலகம் சேலத்தில், கிளை ஏற்காட்டில். எல்லோருடைய கணக்கையும் பாஸ்வேர்டையும் வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் ஓபன்எல்டாப் சர்வர் கீழே சேலத்தில் மட்டும்தான். நேற்று மழையில் மலைக்குப் போகும் லைன் அறுந்ததும் மேலே 12 பேர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கவே பாவமாக இருந்தது. மேலே இன்னொரு சர்வர் வைத்தால் போதுமா?

பதில் 1: வையுங்கள் தம்பி, ஆனால் அது மட்டும் போதாது. ஓபன்எல்டாப்பின் நகலெடுக்கும் வசதியான சிங்க்ரெப்ள் மூலம் சேலத்திலிருந்து நகல் எடுக்கும்படி செய்து, படிக்க மட்டும் விடுங்கள். அப்புறம் ஏற்காட்டு மெஷின்களில் எஸ்எஸ்எஸ்டி (லாகினை சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் சேவை) அமைப்புக் கோப்பில் இரண்டு முகவரியையும் கமா போட்டு எழுதணும், மேலே இருப்பது முதலில். லாகின் விவரத்தை மெஷினிலேயே சேமித்து வைக்கும் கேஷ் கிரெடென்ஷியல்ஸையும் அதே கோப்பில் ட்ரூ ஆக்குங்கள். இரண்டு சர்வரும் கிடைக்காத நேரத்திலும் ஏற்கெனவே அந்த மெஷினில் லாகின் செய்தவர் உள்ளே போகலாம்.

பதில் 2: இரண்டிலும் எழுத விடுவதென்றால் சர்வர் ஐடி வேறு வேறாக இருக்கணும், இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக வைக்கும் என்டிபி கட்டாயம். எந்த மாற்றம் புதியது என்பதை நேரத்தை வைத்துத்தான் அது முடிவு செய்யும். இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழில் இரண்டாவது சர்வரின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதில் நான் அரை நாள் தொலைத்தேன்.

கேட்டவர்: நன்றி அண்ணா. படிக்க மட்டும் விட்டேன். சேலம் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், மேலே லாகின் ஆகிறது.